அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்குகிறீர்களா? ஸ்பெக்கில் எழுதுங்கள்

மத்திய அரசு நிறுவனம் ஒன்றில் ஸ்டோர்ஸ் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் குறைந்த கம்ப்யூட்டர் வாங்குவது எப்படி என்று புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது ஒன்றுதான்: உங்களுக்கு என்ன வேண்டுமோ அது ஸ்பெக்கில், அதாவது பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று நாம் எழுதும் விவரக் குறிப்பில், இருக்க வேண்டும். அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும் ஜெம் தளத்தில் பிட் (ஏலப்புள்ளி) திறந்தபின், தகுதி பெற்றவர்களில் விலை குறைவாகச் சொன்னவர் எல்1; அவரிடம்தான் வாங்க வேண்டும். அப்போது போய் ‘மின்சாரம் குறைவாக இழுக்கிற மாடல் கொடுங்கள்’ என்று கேட்க முடியாது. கேட்டால் ஆடிட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியது நாம்தான்.

அதற்கும் முன்னால், புதுக் கம்ப்யூட்டர் வேண்டும் என்று ஒரு பிரிவிலிருந்து இண்டென்ட் (கோரிக்கை) வந்ததும் பழைய மெஷினை நேரில் போய்ப் பாருங்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது. அதைக் காரணம் காட்டி, ஓடிக்கொண்டிருக்கும் மெஷின்களையும் கண்டம் செய்ய, அதாவது உபயோகமற்றது என்று கழித்துவிட, சொல்லி நோட் போடுகிறார்கள். பல பழைய மெஷின்களில் விண்டோஸ் 11 ஏறாது என்பது உண்மைதான். ஆனால் கடிதம் அடிக்க, மெயில் பார்க்க, பிரவுசரில் வேலை செய்ய அந்த மெஷின் போதும். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு, ராமை 8 ஜிபி ஆக்கி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் ஏற்றினால் இன்னும் சில வருடம் ஓடும். மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சீடாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸே இருக்கிறது. ஒரு லேப்டாப்பால் வரும் கார்பனில் பெரும்பங்கு அது நம் மேஜைக்கு வருவதற்கு முன்பே, தயாரிப்பிலேயே வெளியேறிவிடுகிறது. அதனால் வாங்காமல் தள்ளிப்போட்ட ஒவ்வொரு வருடமும் லாபம்.

சரி, வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் மானிட்டரைக் கணக்கிலிருந்து எடுங்கள். நல்ல திரை இருக்கும்போது ‘செட்டாக’ வாங்கும் பழக்கம் வேண்டாம். திரைக்குள்ளேயே கம்ப்யூட்டர் அடங்கிய ஆல்-இன்-ஒன் பார்க்க அழகுதான். போர்டு போனால் நல்ல திரையும் சேர்ந்து ஸ்டோருக்கு வந்துவிடும். நான் அதற்கு எப்போதும் எதிராகத்தான் நோட் எழுதுவேன்.

அடுத்தது மின்சாரம். 60 வாட் இழுக்கிற டவருக்குப் பதில் 20 வாட் இழுக்கிற மினி பிசி என்று வையுங்கள். நாளைக்கு 8 மணி நேரம், வருடத்துக்கு 250 வேலை நாள்: வித்தியாசம் 80 யூனிட். 5 வருடத்தில் ஒரு மெஷினுக்கு 400 யூனிட். எல்1 கணக்கில் இது வராது. அதனால் மின்சாரம் குறைவாக இழுக்கும் சாதனங்களுக்குத் தரும் எனர்ஜி ஸ்டார் போன்ற சான்றை ஸ்பெக்கிலேயே கேளுங்கள். டவர்தான் வேண்டுமென்றால், மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் சான்று பெற்ற பவர் சப்ளை கேளுங்கள். சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் குறைவு என்பதற்கான இபீட், டிசிஓ சான்றுகளும் உண்டு. எதைக் கேட்டாலும் ‘அல்லது அதற்கு இணையான சான்று’ என்று சேர்ப்பது முக்கியம். இல்லையென்றால் ஒரு கம்பெனிக்காக எழுதிய ஸ்பெக் என்று புகார் வரும். சான்றிதழின் நகலை மட்டும் நம்ப வேண்டாம். இபீட் பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது. மாடல் எண்ணைப் போட்டு, இந்தியாவுக்குப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதாக, ரிப்பேர். சாம்பிள் வந்தால் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். ராம் ஸ்லாட்டில் உட்கார்ந்திருக்கிறதா, கழற்ற முடியாதபடி போர்டோடு சால்டர் செய்து ஒட்டியிருக்கிறதா? லேப்டாப் பேட்டரி ஸ்க்ரூவில் நிற்கிறதா, பசையிலா? சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் கழற்ற முடியாத பேட்டரி என்றால், அது உப்பும் நாளில் லேப்டாப்பையே தூக்கிப் போடச் சொல்வார்கள். காலி ராம் ஸ்லாட் ஒன்று, 5 வருட ஆன்சைட் வாரண்டி, அத்தனை வருடமும் ஸ்பேர் கிடைக்கும் என்ற உறுதி: இவை மூன்றையும் கூடுதல் நிபந்தனையாக எழுதுங்கள். மார்ச் கடைசியில் பட்ஜெட் தீர்க்க அவசரமாக பிட் போட்டால் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. செப்டம்பரிலேயே ஆரம்பியுங்கள்.

பழையதை எங்கே அனுப்புவது என்பதையும் வாங்கும்போதே முடிவு செய்யுங்கள். மத்திய அரசின் பொது நிதி விதிகள் பைபேக்குக்கு (பழையதைக் கொடுத்து அதன் மதிப்பைப் புதியதன் விலையில் கழிப்பதற்கு) இடம் தருகின்றன; ஜெம்மிலும் அந்த வசதி உண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, ஒரு நிதியாண்டில் எப்போதாவது 1000 சாதனங்களுக்குக் குறையாமல் பயன்படுத்திய நிறுவனம் ‘பெரு நுகர்வோர்’. கம்ப்யூட்டர் மட்டுமல்ல, பிரிண்டர், போன், ஏசி எல்லாம் சேரும். மின்கழிவைப் பதிவு பெற்ற தயாரிப்பாளர், புதுப்பிப்பாளர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். ஏலம் விட்டாலும் அவர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம் என்று நிபந்தனை போடுங்கள். கூடுதல் விலை சொல்கிற காயலான் கடைக்காரருக்குக் கொடுத்தால், நம் வயர்கள், மின்கழிவைப் பிரிக்கும் டெல்லி சீலம்பூர் போன்ற ஓர் இடத்தில் எரிந்து, அந்தப் புகையை அங்கே வேலை செய்பவர்கள் சுவாசிப்பார்கள்.

வண்டி ஏற்றும் முன் ஹார்ட் டிஸ்க்குகளைக் கழற்றி, தகவலை முழுதாக அழித்து, சீரியல் எண்ணோடு ஸ்டாக் ரிஜிஸ்டரில் குறியுங்கள். மறுசுழற்சிச் சான்று வந்து ஃபைலில் சேரும்வரை ஃபைலை மூடாதீர்கள்.