போர்க்கப்பல் டிசைன் தேர்வில் நாடுகள் சறுக்கும் இடங்கள்

ஏற்கெனவே கடலில் ஓடும் ஒரு கப்பலின் டிசைனை வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்ற கணக்கில்தான் பல கடற்படைகள் இறங்குகின்றன. கணக்கு சரிதான். ஆனால் வாங்கிய கையோடு அதை மாற்ற ஆரம்பிக்கிறார்கள். எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு இதுதான்.

அமெரிக்காவின் கான்ஸ்டலேஷன் ஃபிரிகேட்டை (நடுத்தர அளவுப் போர்க்கப்பல்) பாருங்கள். இத்தாலியும் பிரான்சும் ஓட்டிவந்த ஃபிரெம் டிசைனை வைத்து 2020 ஏப்ரலில் ஒப்பந்தம் போட்டார்கள். மூலக் கப்பலோடு சுமார் 85 சதவீதம் ஒத்திருக்கும் என்பது திட்டம். அப்புறம் முன்பக்க சோனார் (நீருக்கடியில் ஒலியால் தேடும் கருவி) போனது, உடல் சுமார் 7 மீட்டர் நீண்டது, வேறு ரேடார் வந்தது, சேதம் தாங்கும் அமெரிக்க விதிகள் வந்தன. கடைசியில் ஒற்றுமை 15 சதவீதத்துக்கும் கீழே போனது.

கப்பலில் எதையும் தனியாக மாற்ற முடியாது. கனமான ரேடாரை மேலே ஏற்றினால் ஈர்ப்பு மையமும் மேலே ஏறும். கப்பல் ஆட்டத்தில் நிமிர்ந்து வருவது கடினமாகும். அந்த ரேடாருக்குக் கூடுதல் மின்சாரம் வேண்டும், ஜெனரேட்டர் பெரிதாகும். சூடு தணிக்கக் கூடுதல் குளிர்நீர்க் குழாய்கள் வேண்டும். அந்தக் குழாய்கள் போக ஒவ்வொரு தடுப்புச் சுவரிலும் துளை போட வேண்டும். ஒரு துளை இடம் மாறினால் பக்கத்து அறையின் வரைபடமும் மாறும்.

வரைபடம் முடியாமலேயே 2022 ஆகஸ்டில் கட்டுமானத்தைத் தொடங்கியது அடுத்த தவறு. வேலை நடப்பதைக் காட்ட வேண்டும் என்ற அவசரம் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் ஒட்டிய தகட்டைப் பிரிப்பது காகிதத்தில் அழிப்பதைவிடப் பல மடங்கு செலவு. 2024-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு பார்த்தபோது எடை 10 சதவீதத்துக்கும் மேல் கூடியிருந்தது, முதல் கப்பல் மூன்று ஆண்டு பின்தங்கியிருந்தது. பின்னாளில் புது ஆயுதம் ஏற்ற ஒதுக்கிய எடை, கப்பல் நீரில் இறங்கும் முன்பே கரைந்துகொண்டிருந்தது. 2025 நவம்பரில் முதல் இரண்டு கப்பல்களைத் தவிர மற்றவற்றைக் கைவிட்டார்கள்.

பிரிட்டனின் டைப் 26 ஃபிரிகேட் டிசைனை எடுத்த ஆஸ்திரேலியாவும் சொந்த ரேடார், அமெரிக்கப் போர் அமைப்பு என்று சேர்த்துக்கொண்டே போனது. அந்த டிசைனில் திட்டமிட்ட 9 ஹன்டர் கப்பல்கள் 2024-இல் 6 ஆகச் சுருங்கின. 2025-இல் ஜப்பானின் மேம்படுத்திய மொகாமி ஃபிரிகேட்டைத் தேர்ந்தபோது பாடம் தெரிந்தது: முதல் மூன்றும் ஜப்பானிலேயே, மாற்றம் முடிந்தவரை குறைவு.

ஒரே எண்ணுக்காக மொத்தக் கப்பலையும் பலி கொடுப்பது இன்னொரு தவறு. கரையோரப் போருக்கான அமெரிக்காவின் எல்.சி.எஸ். கப்பல்களுக்கு 40 நாட் (மணிக்கு சுமார் 74 கி.மீ.) வேகம் கேட்டார்கள். ஃப்ரீடம் வகையில் டீசல் இன்ஜினையும் டர்பைனையும் இணைக்கும் கியர் தொடர்ந்து தொல்லை கொடுத்தது. 2018 நவம்பரில் கடற்படையில் சேர்ந்த அந்த வகைக் கப்பல் சியூ சிட்டி 2023 ஆகஸ்டிலேயே ஓய்வு பெற்றது.

உடல் தயார், ஆயுதம் பிறகு பார்ப்போம் என்பதும் ஆபத்துதான். நீர்மூழ்கி வேட்டைக்கென்று கட்டிய நம் ஐ.என்.எஸ். கமோர்டா 2014-இல் கடற்படையில் சேர்ந்தபோது கப்பலுக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சோனாரும் இல்லை, வான் தாக்குதலைத் தடுக்கும் ஏவுகணையும் இல்லை.

சரி, எப்படித்தான் செய்வது? மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்தின் வரிசை எனக்குப் பிடிக்கும். பிரிட்டனின் லியாண்டர் ஃபிரிகேட் டிசைனில் முதல் கப்பல் நீல்கிரியை ஏறத்தாழ அப்படியே கட்டி 1972-இல் சேர்த்தார்கள். அடுத்தடுத்த கப்பல்களில் மாற்றங்களைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். கடைசி இரண்டான தாராகிரியிலும் விந்தியகிரியிலும்தான் சீ கிங் ஹெலிகாப்டர் இறங்கும் அளவுக்குப் பின்தளத்தையே திருத்தினார்கள். அதற்குள் தளத்துக்கும் டிசைனர்களுக்கும் அந்த உடலின் ஒவ்வொரு மூலையும் அத்துப்படி. 1983-இல் கடற்படையில் சேர்ந்த, இரண்டு சீ கிங்குகளைச் சுமக்கும் கோதாவரியை நம் டிசைனர்களே வரைந்தார்கள்.