சம்பாதிப்பவர் இறந்துவிட்டால்: தமிழ்நாட்டில் எந்த உதவியை எங்கே, எந்த வரிசையில் கேட்பது

வீட்டில் சம்பாதித்துக்கொண்டிருந்தவர் போய்விட்டால் அந்தக் குடும்பத்துக்கு உதவி வரக்கூடிய இடங்கள் ஏழெட்டு இருக்கும். அவற்றில் பாதி இடங்கள் இருப்பதே குடும்பத்துக்குத் தெரியாது. தெரிந்த இடங்களிலும் காகிதம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். அதனால் வரிசை முக்கியம். முதலில் சான்றிதழ்கள், அடுத்து காலக்கெடு உள்ள காப்பீடுகள், அதன்பின் உதவித்தொகை, பிள்ளைகளின் படிப்பு.

முதல் 21 நாள்

இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் உண்டு. ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை அலைய வேண்டியிருக்கும். மருத்துவமனையில் இறந்தால் விவரத்தை அவர்களே பதிவுக்கு அனுப்புவார்கள். வீட்டில் இறந்தால் கிராமத்தில் வி.ஏ.ஓ.விடமும், ஊர் பெரியதென்றால் நகராட்சி அல்லது மாநகராட்சி சுகாதாரப் பிரிவிலும் குடும்பம்தான் சொல்ல வேண்டும்.

பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது. அவசரத்தில் யாரோ வாயால் சொன்ன பெயரை மருத்துவமனையில் எழுதிவிடுவார்கள். ஆதாரில் ஒரு எழுத்து, பாஸ்புக்கில் வேறு எழுத்து, இறப்புச் சான்றிதழில் இன்னொன்று என்றாகிவிட்டால் வங்கியும் நிற்கும், தாசில்தார் அலுவலகமும் நிற்கும். பதிவுக்கு விவரம் கொடுக்கும்போதே இறந்தவரின் ஆதார் நகலைக் கையில் கொடுத்து, அதில் உள்ளபடியே பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், முகவரி எழுதச் சொல்லுங்கள். முன்னெழுத்தையும் பாருங்கள். தவறு வந்துவிட்டால் பதிவாளரிடமே திருத்தம் கேட்கலாம். ஆனால் மற்ற விண்ணப்பங்களைத் தொடங்குவதற்கு முன்பே திருத்திவிட வேண்டும்.

விபத்து, பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்ற மரணமாக இருந்தால் மருத்துவமனைச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை நகல்களை வாங்கி வையுங்கள். ‘காவல் நிலையத்துக்குப் போக வேண்டாம்’ என்று உறவினர் சொல்லிக் காரியத்தை முடித்துவிட்ட குடும்பங்கள் பிறகு விபத்துக் காப்பீட்டை நிரூபிக்க முடியாமல் தவிக்கின்றன.

வாரிசுச் சான்றிதழ்

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று போகும். சேவைக் கட்டணம் 60 ரூபாய். அதற்கு மேல் ‘முடித்துத் தருகிறேன்’ என்று கேட்பவர் இடைத்தரகர். விண்ணப்பத்தில் எல்லா வாரிசுகளையும் எழுதுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு இறந்தவரின் தாயும் முதல் நிலை வாரிசு. மாமியாருடன் மனஸ்தாபம் என்று பெயரை விட்டுவிட்டால் கள விசாரணையில் அது வெளிவந்து மனு தள்ளுபடியாகும். விண்ணப்ப எண் உள்ள ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். விசாரணைக்கு வரும்போது வீடு பூட்டியிருந்தால் மனு கிடப்பில் போய்விடும், அதனால் விண்ணப்பித்த வாரமே வி.ஏ.ஓ.வை நேரில் பார்த்துவிடுவது நல்லது.

வருமானச் சான்றிதழையும், ஆதரவற்ற விதவைச் சான்றிதழையும் இதே மையத்தில் விண்ணப்பிக்கலாம். வருமானம் என்று இறந்தவரின் பழைய சம்பளத்தை எழுதாதீர்கள். இப்போது வீட்டுக்கு வருவது எவ்வளவோ அதுதான் கணக்கு.

பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்

இறந்தவரின் ஒவ்வொரு வங்கிக் கணக்கிலும் மே, ஜூன் மாதப் பற்றுகளைத் தேடுங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. எந்தக் காரணத்தால் இறந்திருந்தாலும் 2 லட்சம். ஆனால் புதிதாகச் சேர்ந்து முதல் 30 நாட்களுக்குள் நடந்த மரணம் விபத்தாக இருந்தால் மட்டுமே கிடைக்கும். 20 ரூபாய் பிடித்திருந்தால் சுரக்ஷா விபத்துக் காப்பீடு, அதிலும் விபத்து மரணத்துக்கு 2 லட்சம். கணக்குத் தொடங்கும்போது எங்கே கையெழுத்துப் போட்டோம் என்பதே பலருக்கு நினைவிருக்காது, அதனால் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டுக்கும் அந்த வங்கிக் கிளையிலேயே கோரிக்கைப் படிவம் கொடுக்க வேண்டும். 30 நாட்களுக்குள் தகவல் தெரிவித்துவிடுங்கள். ஜன்தன் கணக்கின் ரூபே அட்டைக்கும் விபத்துக் காப்பீடு உண்டு. அதற்கு விபத்துக்கு முந்தைய 90 நாட்களுக்குள் அட்டையை ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும்.

கம்பெனியில் வேலை பார்த்தவர் என்றால் பி.எஃப். இருந்ததா என்று சம்பளச் சீட்டில் பாருங்கள். இருந்தால் சேமிப்புக்குப் படிவம் 20, குடும்ப ஓய்வூதியத்துக்கு 10டி, காப்பீட்டுக்கு 5ஐ.எஃப். என்று மூன்று விண்ணப்பங்கள். காப்பீட்டுத் தொகை அதிகபட்சம் 7 லட்சம். பலரும் சேமிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஓய்வூதிய நிதிக்கு ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலே விதவை ஓய்வூதியம் உண்டு, மாதம் குறைந்தது 1,000 ரூபாய். ‘பத்து வருஷம் ஆகவில்லை’ என்று யாராவது சொன்னால் அது உயிரோடு ஓய்வு பெறுபவருக்கான விதி.

கட்டடவேலை, தையல், ஆட்டோ ஓட்டுதல் போன்ற தொழில் செய்தவரா? நலவாரிய அட்டை இருக்கிறதா என்று தேடுங்கள். இயற்கை மரணத்துக்கும், விபத்து மரணத்துக்கும், ஈமச்சடங்குக்கும் தனித்தனியே உதவி உண்டு. பதிவு புதுப்பிக்கப்பட்டிருந்ததா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

சாலை விபத்து என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்பது சட்டம். இடித்த வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் இறப்புக்கு 2 லட்சம் இழப்பீடு உண்டு. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100க்குப் போன் செய்து சட்டப்பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.

கடன்காரர் வரும்போது

மகளிர் குழுக் கடனோ நுண்கடனோ இருந்தால் அடுத்த தவணை கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தக் கடனோடு காப்பீடு பிடித்திருக்கிறீர்களா?” கடன் கொடுக்கும்போதே பல நிறுவனங்கள் அதைப் பிடித்துவிடும், சிலவற்றில் கணவன் மனைவி இருவருக்குமே பொருந்தும். பிடித்திருந்தால் மீதிக் கடன் அதில் கழியும். நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

மாத உதவியும் ரேஷனும்

விதவை உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கான மத்திய திட்டத்துக்கு 40 வயது ஆகியிருக்க வேண்டும். ஆனால் ஆதரவற்ற விதவை உதவித்தொகைக்கு 18 வயது போதும். ‘இன்னும் நாற்பது ஆகவில்லை’ என்று திருப்பி அனுப்பினால் இந்த இரண்டாவது திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மனுவை முடிவு செய்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்ட தனி வட்டாட்சியர். தாமதித்த மாதங்களுக்குப் பணம் வராது, ஆகவே சான்றிதழ்கள் வந்த அன்றே போடுங்கள். இறந்தவர் 18 முதல் 59 வயதுக்குள் இருந்த வறிய குடும்பம் என்றால் தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் ஒரே தவணையாக 20,000 ரூபாய் உண்டு. அதையும் தாலுகா அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

பணம் போய்ச் சேரும் கணக்கைக் கவனியுங்கள். ஆதாருடன் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் உதவித்தொகை போகும், விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்கு அல்ல. அது குறைந்தபட்ச இருப்புக் கேட்கும் கணக்காக இருந்தால் வருகிற பணத்தில் வங்கி பிடித்தம் செய்துவிடும். இருப்புத் தேவையில்லாத அடிப்படைக் கணக்கு ஒன்றைத் தொடங்கி, ஆதாரை அதற்கு மாற்றுங்கள்.

குடும்ப அட்டையில் இறந்தவர் பெயரை நீக்கும்போதே, அந்தியோதயா அட்டையாக மாற்றித் தரும்படி வட்ட வழங்கல் அலுவலரிடம் மனுக் கொடுங்கள். நிலையான வருமானமில்லாத, விதவை தலைமையிலான குடும்பம் அந்தப் பட்டியலில் வரும். மாதம் 35 கிலோ அரிசி. உடனே மாறிவிடாது, இடம் காலியாக வேண்டும், ஆனால் மனு இருந்தால்தானே முறை வரும்.

பிள்ளைகள்

அரசு அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயோ தந்தையோ விபத்தில் இறந்திருந்தால் 75,000 ரூபாய் பிள்ளை பெயரில் வைப்பாகப் போடப்படும். தலைமை ஆசிரியர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். பள்ளியில் யாரும் தானாகச் சொல்லாமலும் இருக்கலாம்.

கலெக்டர் அலுவலகத்தில் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகைக் கேளுங்கள். வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000க்குள் இருக்க வேண்டும். ஒதுக்கீடு குறைவு, குழு கூடித்தான் தேர்ந்தெடுக்கும். பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவர் கடும் நோயிலோ ஊனத்திலோ சிறையிலோ இருக்கும் பிள்ளைகளுக்கும் மாநில அரசின் ‘அன்புக்கரங்கள்’ திட்டத்தில் மாதம் 2,000.

மனு நகராவிட்டால்

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில், விண்ணப்ப எண்ணும் தேதியும் எழுதி ஒரு பக்க மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். வாயால் சொன்ன புகாருக்கு மதிப்பில்லை. போக முடியாதவர்கள் முதல்வர் உதவி மையம் 1100க்குப் பேசலாம். அதிலும் அசைவில்லை என்றால் பத்து ரூபாயில் தகவல் உரிமைச் சட்ட மனுப் போட்டு, “என் விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் இருந்தது, நிராகரித்திருந்தால் காரணம் என்ன” என்று மட்டும் கேளுங்கள். 30 நாட்களில் பதில் தர வேண்டும். கேள்வியை நீட்டி, குற்றச்சாட்டுகளைச் சேர்த்தால் பதில் சொல்லாமல் நழுவ அவர்களுக்கு வழி கிடைத்துவிடும்.