முடியும் நாளை எழுதாதீர்கள், ஆரம்பிக்கும் நாளை எழுதுங்கள்

நான் தினமும் மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்திலிருந்து படகேறி ஜார்ஜ்டவுனுக்கு வேலைக்குப் போகிறவள். என் டைரி ஏ5 அளவு, விரித்தால் ஒரு வாரம் முழுக்கத் தெரியும். நாளுக்கு ஒரு பக்கம் உள்ள தடிமனான டைரியை வாங்காதீர்கள். பிப்ரவரிக்குள் காலிப் பக்கங்கள் சேர்ந்து மனசை உறுத்தும், அப்புறம் அது கோலம் போட்டுப் பார்க்கத்தான் ஆகும்.

ஜனவரியில் சமையலறையில் மாட்டியிருக்கும், குதிரைப் பந்தய நாளும் விடுமுறையும் போட்ட குதிரைக் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பள்ளி விடுமுறை, தைப்பூசம், தீபாவளி எல்லாவற்றையும் பேனாவில் குறித்துவிடுவேன். நகராத நாளுக்குப் பேனா, நகரக்கூடியதற்குப் பென்சில். பேனா என்றால் பால்பாயிண்ட்தான். ஜெல் மை ஒரு மழைக்குத் தாங்காது.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாதம் 14ஆம் தேதியில் காருக்கான சாலை வரியை நினைத்து 'ரோட் டெக்ஸ் முடிகிறது' என்று சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் 14ஆம் தேதி காலையில்தான்! முதலில் இன்சூரன்ஸ் எடுத்தால்தான் ரோட் டெக்ஸ் புதுப்பிக்க முடியும். எங்கே மலிவு என்று வீட்டுக்காரர் நாலு இடத்தில் விலை கேட்டு முடிப்பதற்குள் கார் மூன்று நாள் வாசலிலேயே நின்றது. இப்போது இரண்டு வாரம் முன்பே 'இன்சூரன்ஸ் விலை கேட்க' என்று எழுதிவிடுகிறேன். பினாங்கில் வீட்டு வரிக்குக் கெடு பிப்ரவரிக் கடைசியும் ஆகஸ்ட் 31ம். என் டைரியில் அது இரண்டு மாதத்திலும் 10ஆம் தேதியில் இருக்கும்.

எழுதும்போது என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். 'அம்மா கிளினிக்' என்று எழுதினால் பாதிதான் எழுதியதாக அர்த்தம். வெள்ளிக்கிழமை காலை வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை என்றால், வியாழன் கட்டத்தில் 'இரவு 10க்கு மேல் அம்மாவுக்குச் சாப்பாடு கிடையாது' என்று எழுத வேண்டும். இல்லாவிட்டால் காலையில் எழுந்ததும் அவர் பால் காப்பியும் ரெண்டு பிஸ்கட்டும் முடித்துவிட்டு, "போலாமா?" என்று உட்கார்ந்திருப்பார்.

கடைசிப் பக்கத்தில் கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதிகள் மட்டும். எங்கள் வீட்டில் 14 கிலோ சிலிண்டர் ஏழு வாரம் வருகிறது என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. ஆறாவது வாரம் ஆனால் கடைக்குச் சொல்லிவிடுவேன். விருந்தாளி இருக்கும்போது அடுப்பு அணைவதில்லை.

அலாரம் வேண்டுமானால் போனில் வைத்துக்கொள்ளுங்கள், அது தனி. டைரியைப் படகில் உட்கார்ந்ததும் திறப்பேன். அன்றைக்கு மூன்று வேலை, அதற்கு மேல் எழுதமாட்டேன். முடியாததை வெள்ளிக்கிழமை அடுத்த வாரத்துக்குக் கையால் திருப்பி எழுதுவேன். அலுப்பான வேலைதான், ஆனால் அந்த அலுப்புதான் விஷயமே. ஒன்றையே மூன்று தடவை எழுதினால் கை கூசும். அப்போது ஒன்று அங்கேயே முடிக்கணும், இல்லை அடித்துவிடணும்.

போன மாதம் 'தையல்காரரைக் கேட்க' என்று மூன்று வாரம் எழுதினேன். நாலாவது தடவை எழுதப் பென்சிலை எடுத்தவள், படகிலிருந்தே போன் அடித்தேன். ரவிக்கை தைத்து முடித்து இரண்டு வாரமாகக் கடையிலேயே தொங்குகிறதாம்.