விக்டோரியக் கால முன்னறை: கையில் இருக்கும் காசுக்குள் செய்வது எப்படி?

லண்டன் கென்சிங்டனில், 18 ஸ்டாஃபர்ட் டெரஸ் என்ற முகவரியில் ஒரு வீடு இருக்கிறது. 'பஞ்ச்' இதழுக்குக் கேலிச்சித்திரம் வரைந்த லின்லி சாம்போர்ன் 1875இல் குடிவந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். சுவரில் இருந்த, வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் வால்பேப்பருக்கு மேல், தோல் போலத் தெரியும் விலை கூடிய தாளைப் பின்னாளில் ஒட்டினார்கள். படங்கள் மறைக்கும் இடங்களை மட்டும் ஒட்டாமல் விட்டுவிட்டார்கள். கண்ணில் படாத இடத்துக்கு எதற்குச் செலவு? இந்தப் பாணி மீது எனக்குப் பிரியம் வந்ததே இந்த ஒரு விஷயத்தால்தான்.

விக்டோரியா அரசி ஆண்ட 1837–1901 காலத்து நடுத்தரக் குடும்பங்கள் சிக்கனமாகத்தான் அலங்கரித்தன. மலிவான பைன் கதவில் ஓக் ரேகை தீட்டினார்கள். சிலேட் கல்லைப் பளிங்கு போல மாற்றினார்கள். 1877இல் வந்த லின்க்ரஸ்டா என்ற புடைப்புத் தாள், செதுக்கிய மரத்தின் வேலையைச் செய்தது. அதனால் போலியாகச் செய்கிறோமே என்று நீங்கள் கூச்சப்படவே வேண்டாம். அந்தக் காலத்து வழியே அதுதான்.

முதலில் ஒரே ஒரு அறையை எடுத்துக்கொள்ளுங்கள். முழு வீட்டிலும் கை வைத்தால் காசும் பொறுமையும் பாதியில் தீர்ந்துவிடும்.

அடுத்தது சுவர். இதைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தரையிலிருந்து சுமார் 90 செ.மீ. உயரத்தில் சுவரைச் சுற்றி ஒரு மரப்பட்டை ஓடும். அதற்குப் பெயர் டேடோ ரெயில். நாற்காலியும் கையும் உரசும் கீழ்ப்பகுதியைக் காப்பாற்றத்தான் அது. மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பட்டையே போதும். உயரத்தை ஒவ்வோர் இடத்திலும் தரையிலிருந்து அளந்து குறித்தால் தரை கோணலாக இருக்கும்போது கோடும் கோணலாகும். ஓரிடத்தில் மட்டும் அளந்து குறித்து, அங்கிருந்து ரசமட்டம் வைத்துக் கோடு போடுங்கள். மூலைகளில் 45 பாகையில் அறுத்து, பசையால் ஒட்டுங்கள். பட்டைக்கும் காசில்லையா? மாஸ்கிங் டேப் ஒட்டி, கோட்டுக்குக் கீழே அடர்நிறம், மேலே வெளிர்நிறம் அடித்தாலே அந்தக் களை வந்துவிடும். படம் மாட்டும் பிக்சர் ரெயில் கூரைக்குக் கொஞ்சம் கீழே வரும். கூரை 2.4 மீட்டர்தான் என்றால் அதைத் தவிர்த்துவிடுங்கள், வைத்தால் அறை குறுகித் தெரியும்.

கீழ்ப்பகுதிக்கு அடர்பச்சை, அரக்குச் சிவப்பு போன்ற நிறங்கள் பொருந்தும். நிலக்கரிப் புகையும் எரிவாயு விளக்கின் கரியும் படிந்த வீடுகள் அவை. அடர்நிறம் அழுக்கை மறைத்தது. 1 லிட்டர் பெயின்ட் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும், அளந்து வாங்குங்கள். முக்கியமான எச்சரிக்கை ஒன்று: பழைய வீடுகளின் பெயின்டில் ஈயம் இருக்கலாம். சோதிக்காமல் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் நிச்சயமாக வேண்டாம்.

வால்பேப்பரை எல்லாச் சுவருக்கும் வாங்காதீர்கள். கணப்படுப்புக்கு மேலுள்ள புடைத்த சுவருக்கு மட்டும் போதும். மோரிஸின் 'வில்லோ பவ்' போன்ற இலைக்கொடி வடிவங்கள் அதில் அருமையாகப் பொருந்தும். பிரிட்டனில் ஒரு சுருள் பொதுவாக 10 மீட்டர் நீளம், 53 செ.மீ. அகலம். வாங்கும்போது எல்லாச் சுருளிலும் ஒரே பேட்ச் எண் (ஒரே தடவையில் அச்சிட்டவை என்று காட்டும் எண்) இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நிறம் லேசாக மாறும்.

எனக்கு ரொம்பப் பிடித்த வேலை கதவில் மர ரேகை தீட்டுவது. முதலில் வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் அடித்து ஒரு நாள் முழுக்கக் காய விடுங்கள். அப்புறம் ஸ்கம்பிள் கிளேஸ் என்ற, அடிநிறம் தெரியும்படியான பழுப்புப் பூச்சை மெல்லிசாகத் தடவி, ஈரம் காய்வதற்குள் ரேகை இழுப்பதற்கான கிரெயினிங் சீப்பாலோ காய்ந்த தூரிகையாலோ இழுங்கள். சிறு சிறு பகுதியாகச் செய்யுங்கள். சட்டமிட்ட கதவென்றால் நடுப்பலகைகள் முதலில், பிறகு நடு நெடுக்குச் சட்டம், பிறகு குறுக்குச் சட்டங்கள், கடைசியில் ஓரத்து நெடுக்குச் சட்டங்கள். ரேகை எப்போதும் அந்தந்தச் சட்டத்தின் நீளவாக்கில் ஓட வேண்டும். இதில்தான் தச்சன் செய்த கதவு போன்ற நம்பிக்கை பிறக்கிறது. பிடிக்கவில்லை என்றால் ஈரத்தோடு துடைத்துவிட்டு மறுபடி செய்யலாம். முதலில் ஒரு பழைய பலகையில் பழகுங்கள். நன்றாகக் காய்ந்ததும் வார்னிஷ்.

படங்களுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரியின் இணையதளத்தில் 19ஆம் நூற்றாண்டுத் தாவர ஓவியங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சிட்டு, பழைய பொருள்களை விற்கும் தொண்டு நிறுவனக் கடைகளான சாரிட்டி ஷாப்களில் கிடைக்கும் பொருந்தாத பழைய சட்டங்களில் போட்டு, நெருக்கமாக மாட்டுங்கள். கூரை விளக்கை அணைத்துவிட்டு, இதமான மஞ்சள் ஒளி தரும் 2700 கெல்வின் பல்பு போட்ட மேஜை விளக்குகள் இரண்டை வையுங்கள். மூலையில் ஒரு ஆஸ்பிடிஸ்ட்ரா செடி. மங்கிய வெளிச்சத்தையும் எரிவாயுப் புகையையும் தாங்கி அந்தக் காலத்து முன்னறைகளில் வளர்ந்த செடி அது. வாரம் ஒருமுறை மண்ணைத் தொட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் விடுங்கள்.