"சொன்னாத்தான் தருவேன்": ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் பேசும்போது தவிர்க்க வேண்டியவை

பிள்ளைக்கு ஆட்டிசம் என்று சிங்கப்பூரின் கேகே மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ சொல்லியாகிவிட்டது. சிறு பிள்ளைகளுக்கான ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டமான ஈபிக் (EIPIC) வகுப்பில் இடமும் கிடைத்துவிட்டது. இனி வீட்டிலும் பேச்சுப் பழக்கலாம் என்று பெற்றோர் உட்காரும் முதல் சில மாதங்களில், வீட்டுக்கு வீடு ஒரே தவறுகள்தான் நடக்கின்றன. புதிதாக வேலைக்குச் சேரும் உதவி ஆசிரியர்களும் அதையே செய்கிறார்கள். அடிக்காதீர்கள், கத்தாதீர்கள், அத்தை மகனோடு ஒப்பிடாதீர்கள் என்றெல்லாம் இங்கே எழுதவில்லை. அது தெரியாதவர் யாருமில்லை, தெரிந்தும் செய்பவர் படித்துத் திருந்தப் போவதுமில்லை. இவை நல்ல எண்ணத்தோடு, சில சமயம் யாரோ சொல்லிக்கொடுத்தபடி, கவனமாகச் செய்யப்படும் தவறுகள்.

"சொல்லு... சொன்னாத்தான் தருவேன்"

பிள்ளை பிஸ்கட் டப்பாவைப் பார்க்கிறான். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து வந்து டப்பாமேல் வைக்கிறான். அம்மா டப்பாவை உயரத் தூக்கிக்கொண்டு, "என்ன வேணும்? பிஸ்கட்னு சொல்லு. பிஸ்... பிஸ்..." என்கிறார். பிள்ளை மறுபடி கையை இழுக்கிறான். "சொல்லு, சொன்னாத்தான் தருவேன்." அலறல். தரையில் விழுந்து தலையை முட்டுகிறான். அம்மா பதறிப்போய்க் கொடுத்துவிடுகிறார்.

அந்த இரண்டு நிமிடத்தில் பிள்ளை என்ன கற்றுக்கொண்டான்? கையைப் பிடித்துக் கேட்டால் கிடைக்காது, தலையை முட்டினால் கிடைக்கும், "பிஸ்கட்" என்பது சண்டை வரும்போது கேட்கும் சத்தம். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை, ஒரு மாதம் இப்படி நடந்தால் தலை முட்டுவது நிலைத்துவிடும். பிறகு "நடத்தைப் பிரச்சினை" என்று தனியாக ஒரு ஆலோசனைக்கு வருவார்கள்.

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் வருவது ஏனென்றால், தூக்கியெறியப்பட்டது அருமையான ஒரு தொடக்கம். கையை இழுத்துக் காட்டுவது பேச்சுக்கு முந்தைய பேச்சு. தனக்கு வேண்டியது இன்னொரு ஆளிடம் இருக்கிறது, அவரைப் போய்க் கேட்டால் கிடைக்கும் என்பது அவனுக்குப் புரிந்திருக்கிறது. பல பிள்ளைகளுக்கு அந்த இடத்துக்கு வரவே மாதக்கணக்கில் ஆகும்.

"கேட்டதும் கொடுத்தா சோம்பேறி ஆயிடுவான்" என்று தாத்தா சொல்வார். "அன்னிக்கு ஒரு நாள் பஸ்ஸுன்னு தெளிவா சொன்னானே, வேணும்னே அடம் பிடிக்கிறான்" என்பார் அப்பா. ஒரு நாள் வந்த சொல் கூப்பிட்டபோதெல்லாம் வராது. உதடு, நாக்கு, மூச்சு மூன்றையும் வேண்டிய நேரத்தில் வேண்டிய வரிசையில் இயக்குவது இந்தப் பிள்ளைகள் பலருக்குக் கடினமான வேலை. பதற்றம் ஏறினால் முதலில் போவதும் பேச்சுதான். அவனுக்குப் பேச்சு மிகக் கடினமாக இருக்கும் நிமிடத்தைத் தேடிப் பிடித்து நாம் பரீட்சை வைக்கிறோம்.

பிள்ளை சொல்லிவிட்டாலும் சிக்கல் தீராது. தாகம் எடுத்தால் குளிர்பதனப் பெட்டி முன்னால் நின்று "வாட்டர் சொல்லு" என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. "சொல்லு" என்பதும் அந்தப் பொருளின் பெயரில் சேர்ந்துவிட்டது. வேறு சிலர், யாராவது "சொல்லு" என்று தொடங்கிவைத்தால் மட்டுமே வாயைத் திறப்பார்கள். பள்ளியில் யாரும் தொடங்கிவைக்காததால் தாகத்தோடு வீட்டுக்கு வருவார்கள்.

சரி, செய்ய வேண்டியது என்ன? மூடி இறுக்கமான, உள்ளே இருப்பது தெரியும் டப்பா ஒன்று எடுங்கள். ஒரு பிஸ்கட்டை ஆறு துண்டாக உடைத்துப் போடுங்கள். முழு பிஸ்கட் கொடுத்தால் ஒரு வாய்ப்பு, உடைத்தால் ஆறு. மைலோ என்றால் கோப்பையில் இரண்டு மடக்குதான் ஊற்ற வேண்டும். பிள்ளையின் முகத்துக்கு நேரே, அவன் உயரத்துக்குத் தரையில் உட்காருங்கள். முதல் துண்டைச் சும்மா கொடுத்துவிடுங்கள். இரண்டாவதைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். புதியவர்கள் இரண்டு எண்ணுவதற்குள் "என்ன வேணும்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள், அங்கேதான் எல்லாம் கெடுகிறது.

கை நீட்டினாலும், உங்களைப் பார்த்தாலும், கையை இழுத்தாலும், "பி" என்று ஒரு சத்தம் வந்தாலும் உடனே கொடுங்கள். கொடுக்கும்போது "பிஸ்கட்" என்று ஒரே தடவை சொன்னால் போதும். அவன் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்குக் கை இழுப்பு தடுமாறாமல் வந்தால், கொடுக்கும் முன் ஐந்து நொடி கூடுதலாகத் தாமதியுங்கள். ஒரு சத்தமோ பார்வையோ கூடச் சேர்ந்தால் நல்லது. சேராவிட்டாலும் முகம் சுருங்குவதற்குள் கொடுத்துவிட வேண்டும். சாப்பாட்டு நேரத்துப் பசியிலும், தண்ணீரிலும், அவன் கட்டிப்பிடித்துத் தூங்கும் துணியிலும் இந்தப் பயிற்சி கூடாது.

ஏற்கெனவே தலையை முட்டத் தொடங்கிவிட்டால்? அடிபடாமல் பாருங்கள், பேசாதீர்கள். இரண்டு மூன்று நொடி அமைதி வந்ததும் அவன் கையை டப்பாமேல் வைக்க உதவி, கொடுங்கள். மறுமுறை கை இழுக்கும் கட்டத்திலேயே பதில் சொல்லிவிட்டால் தலை முட்டும்வரை போகாது.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, முதல் சொல்லாக "வேணும்", "மோர்" (இன்னும் என்ற பொருளில் more), "பிளீஸ்" கற்றுக்கொடுப்பது. பார்க்க மரியாதையாக இருக்கும். பிறகு அவன் சமையலறையில் நின்று "மோர், மோர்" என்பான், நீங்கள் ஒவ்வொரு டப்பாவாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பீர்கள், அவன் கேட்டது மின்விசிறியை. பொருளின் பெயர், செயலின் பெயர் முதலில்: தோசை, பந்து, திற, தூக்கு. மரியாதை ஐம்பது சொல் சேர்ந்த பிறகு வரட்டும்.

கேள்விமேல் கேள்வி

"இது என்ன? என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்?" வினாடி வினாவில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் பிள்ளைக்குக் கழிவறை போக வேண்டும் என்று சொல்லத் தெரியாமல் இருக்கும். நான்கு முறை நீங்களாகச் சொல்லுங்கள், ஒரு முறை கேளுங்கள். பேருந்து நிறுத்தத்தில்: "பஸ் வருது. பெரிய பஸ். நின்னுடுச்சு. ஏறலாம்." இரண்டு மூன்று சொல்லுக்குமேல் வேண்டாம்.

திருப்பிச் சொன்னால் அதட்டுவது

"தண்ணி வேணுமா?" என்று கேட்டால் "தண்ணி வேணுமா?" என்கிறான். கிண்டல் செய்வதாக நினைத்து, "நான் சொல்றதையே சொல்லாதே" என்று அதட்டுகிறார்கள். மனநல மருத்துவர் லியோ கேனர் 1943இல் ஆட்டிசத்தை விவரித்த கட்டுரையிலேயே இந்தத் திருப்பிச் சொல்லலும், "நீ", "நான்" இடம் மாறுவதும் பதிவாகியிருக்கின்றன. வெகுகாலம் அதைப் பொருளற்ற சத்தம் என்றே வைத்திருந்தார்கள். 1980களில் பேச்சு-மொழி வல்லுநர் பேரி பிரிசன்ட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் கவனித்துப் பார்த்தபோது, "ஆமாம்" என்று சொல்ல, தன் முறைக்குப் பேச, பொருளைக் கேட்க என்று அதற்குப் பல வேலைகள் இருப்பது தெரிந்தது.

ஆகவே "தண்ணி வேணுமா?" என்று அவனே வந்து சொன்னால், தண்ணீர் கேட்கிறான். திருத்தாமல் கொடுங்கள். நாளை முதல் நீங்கள் கேள்வியை விட்டுவிட்டு, அவன் வாயில் பொருந்தும் வாக்கியத்தைச் சொல்லுங்கள்: "தண்ணி வேணும்." அவன் அப்படியே எடுத்துக்கொண்டாலும் வாக்கியம் சரியாக இருக்கும்.

எப்போதோ கேட்டதை இப்போது சொல்வதுதான் குடும்பங்களைக் குழப்பும். வீட்டுக்கு விருந்தினர் வந்து கூடம் நிறைந்தால், "டோர்ஸ் ஆர் குளோசிங்" என்று எம்ஆர்டி அறிவிப்பைச் சொல்லும் ஒரு பையன். எல்லோரும் சிரித்துக் கைதட்டுவார்கள், அவன் அடுத்துக் காதைப் பொத்திக்கொண்டு அலறுவான். நெரிசலான ரயிலில் கேட்டது அந்த வரி. கூட்டம் தாங்கவில்லை என்பதற்கு அவனிடம் வேறு வாக்கியம் இல்லை. "கூட்டமா இருக்கு. ரூமுக்குப் போலாம்" என்று சொல்லிக் கூட்டிப்போனால் போதும். ஒரு சின்ன நோட்டில், அவன் சொன்னது, அப்போது நடந்தது, முதலில் அதைக் கேட்ட இடம் மூன்றையும் எழுதி வையுங்கள். இரண்டு வாரத்தில் பாதி வரிகளுக்கு அர்த்தம் பிடிபட்டுவிடும்.

தமிழை நிறுத்துவது

"ரெண்டு மொழி குழப்பும், இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்று யாரோ சொன்னார்களாம். அன்று முதல் பாட்டி பேசாமல் ஆகிவிடுகிறார். அம்மா "கம் ஈட்", "நோ, டோன்ட்" என்று கட்டளை மட்டும் போடுகிறார். கொஞ்சல், பாட்டு, கதை எல்லாம் போய்விடும், பிள்ளை காதில் விழும் பேச்சே பாதியாகக் குறைந்துவிடும். இருமொழிச் சூழல் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பேச்சைக் கூடுதலாகத் தாமதப்படுத்துகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. உங்களுக்குச் சரளமாக வரும் மொழியில் பேசுங்கள். வகுப்பில் அந்த வாரம் பழக்கும் பத்துச் சொற்களை ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, அவற்றுக்கு வீட்டில் புழங்கும் சொற்களைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். "பாக்" என்று அவன் கேட்பது பால் என்று ஆசிரியருக்கும் தெரிய வேண்டும். பணிப்பெண்ணுக்கும் அதே பட்டியல். தொடக்கப்பள்ளியில் தாய்மொழிப் பாட விலக்குக் கேட்பதா என்பது பிறகு வரும் கேள்வி, மூன்று வயதுப் பிள்ளையின் வீட்டுப் பேச்சை அதை வைத்து முடிவுசெய்யாதீர்கள்.

படம் கொடுத்தால் பேச்சு நின்றுவிடும்

நிற்காது. அலமாரிமேல் வைத்த படம்தான் எதற்கும் உதவாது. பிள்ளை ஒரு படத்தை நீட்டித் தனக்கு வேண்டியதைக் கேட்கும் படப் பரிமாற்ற முறையை (PECS) ஆண்டி பாண்டியும் லோரி ஃபிராஸ்ட்டும் 1985இல் உருவாக்கினார்கள். அதன் முதல் கட்டத்துக்குப் பெரியவர் இருவர் வேண்டும். ஒருவர் எதிரே பொருளோடு. மற்றவர் பிள்ளைக்குப் பின்னால், அவன் பொருளுக்குக் கை நீட்டிய பிறகே படத்தை எடுத்து நீட்ட உதவுபவர், வாய் பேசக் கூடாது. அம்மா தனியாளாக உட்கார்ந்து "படத்தைக் குடு, குடு" என்று கை நீட்டினால், அந்தக் கையைப் பார்த்தால்தான் கேட்க வேண்டும் என்று அவன் பழகிவிடுவான்.

எல்லா அலறலுக்கும் ஒரே வைத்தியம்

"கண்டுக்காம விடுங்க, தானா நிக்கும்." கவனத்துக்காக அழுதால் ஒருவேளை நிற்கும், அதற்கு முன் சில நாள் இன்னும் மோசமாகும். உணவங்காடி இரைச்சலிலிருந்து தப்பிக்க அலறுபவனைக் கண்டுகொள்ளாமல் விட்டால் எதுவும் நிற்காது. அலறியதும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாலோ, வெளியேற வழி அலறல் என்று ஆகிவிடும். உளவியலாளர்கள் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் 1985இல் காட்டிய வழி இன்றும் பொருந்தும்: அந்த நடத்தை எதைக் கேட்கிறதோ அதையே கேட்க எளிதான வேறொரு வழி கற்றுக்கொடுப்பது. "போலாம்" என்ற சொல், சைகை, அல்லது படம். இரைச்சல் இல்லாத இடத்தில் பழக்கிவிட்டு, கூட்டம் குறைந்த மூன்று மணிக்கு உணவங்காடிக்குப் போங்கள். முதல் இரண்டு வாரம் அவன் "போலாம்" என்றதும், தோசை பாதியில் இருந்தாலும், எழுந்துவிட வேண்டும். "அஞ்சு நிமிஷம்" என்று இழுத்தால் அந்தச் சொல் செத்துவிடும். காத்திருக்கப் பழக்குவது அதற்கடுத்த பாடம்.

இதுவரை இல்லாத நடத்தை திடீரென்று வந்தால், குறிப்பாகத் தலையிலோ கன்னத்திலோ அடித்துக்கொண்டால், முதலில் பல், காது, மலச்சிக்கல் மூன்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

"கண்ணைப் பார்"

வேண்டாம். பார்க்காமலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

"கையை ஆட்டாதே"

யாருக்கு இடைஞ்சல்?

அழும்போது விளக்கம்

பேச்சை நிறுத்துங்கள். விளக்கைக் குறையுங்கள். பக்கத்தில் இருங்கள்.

காது சோதனையைத் தள்ளிப்போடுவது

"டிவி விளம்பரம் கேட்டா ஓடி வர்றானே, காது நல்லாத்தான் இருக்கு." சில அதிர்வெண் ஒலிகள் மட்டும் கேட்காத குறைபாடு உண்டு. நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு கேட்பது ஏறி இறங்குவதும் சகஜம். சோதனை முடிந்திருக்கிறதா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். பேசிக்கொண்டிருந்த சொற்களைப் பிள்ளை இழந்தால் அடுத்த தவணைவரை பொறுக்காமல் பலதுறை மருந்தகத்துக்கு உடனே போங்கள்.

அலறலை மட்டும் படம் பிடிப்பது

சிகிச்சையாளரிடம் காட்ட வரும் காணொளிகள் பெரும்பாலும் பிள்ளை தரையில் கிடப்பதிலிருந்து தொடங்குகின்றன. அதில் பார்க்க ஒன்றுமில்லை. வழக்கமாகத் தகராறு வரும் நேரம் தெரியுமே, குளியலுக்கு முன்னாலோ ஐபேடை வாங்கும்போதோ. கைபேசியை அலமாரியில் சாய்த்துவைத்து, அதற்கு மூன்று நிமிடம் முன்பே பதிவைப் போட்டுவிடுங்கள். பிள்ளையோடு பெரியவர்களும் அதில் தெரிய வேண்டும். சத்தத்தை அணைக்காதீர்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதும் கேட்க வேண்டியிருக்கும்.