உத்யம் ரெஜிஸ்ட்ரேஷனுக்கு யாருக்கும் காசு குடுக்காதீங்க, நீங்களே போட்டுடலாம்

லேத் பட்டறை, தையல் யூனிட், பிரிண்டிங் பிரஸ், மாவு மில்லுன்னு எது வச்சிருந்தாலும் உத்யம் நம்பர், அதாவது சின்னத் தொழில்களுக்கு மத்திய அரசு குடுக்குற பதிவு நம்பர், எடுத்துடுங்க. ஒரு பைசா ஃபீஸ் கிடையாது. முன்னாடி மாவட்ட தொழில் மையத்துல ரெண்டு பார்ட்டா மனு போடணும், 2015-ல அது உத்யோக் ஆதார்னு ஒரே பக்க ஃபார்மா மாறுச்சு, 2020 ஜூலை 1-லேர்ந்து உத்யம், இதுல எந்த பேப்பரும் அப்லோட் பண்ண வேணாம், நாம சொல்றத வச்சே சர்டிபிகேட் வந்துடும். கவர்மெண்ட் பண்ண நல்ல காரியத்துல இது ஒண்ணு. ஆனா அசல் சைட் மாதிரியே டிசைன் பண்ணி வச்சுக்கிட்டு ஃபீஸ்னு சொல்லி காசு பறிக்கிறவங்க நிறைய பேர் இருக்காங்க, அதப் பாத்தாதான் வயிறு எரியுது. அட்ரஸ் கவ் டாட் இன்-னு முடியுதான்னு பாத்துட்டு உள்ள போங்க, பணம் கேட்டா அது கவர்மெண்ட் சைட் இல்ல, மூடிடுங்க.

கையில ஆதார், அதோட லிங்க் ஆன மொபைல், பான், பேங்க் அக்கவுண்ட் நம்பர், ஐஎஃப்எஸ்சி இருந்தா போதும். தனி ஓனர்னா அவரோட ஆதார், பார்ட்னர்ஷிப்னா மேனேஜிங் பார்ட்னரோடது. ஜிஎஸ்டி எடுக்கணும்னு சட்டப்படி கட்டாயம் இல்லாதவங்களுக்கு அந்த நம்பர் தேவையில்ல.

முதல்ல ஆதார் ஓடிபி, அப்புறம் பான், அப்புறம் கடை அட்ரஸ், ஆரம்பிச்ச தேதி, எத்தன பேர் வேல செய்றாங்கன்னு வரிசையா கேக்கும். நிதானமா பாக்க வேண்டிய இடம் என்ஐசி கோடு, அதாவது நீங்க செய்ற தொழில் எந்த வகைன்னு சொல்ற நம்பர். உற்பத்தியா, சர்வீஸா, வியாபாரமான்னு அங்கதான் முடிவாகுது, நீங்க சொந்தமா சாமான் செஞ்சு விக்கிறவரா இருந்து அவசரத்துல டிரேடிங்னு போட்டுட்டா பெரிய நஷ்டம், ஏன்னா வாங்கி விக்கிற வியாபாரிகளுக்கு 2021-லேர்ந்து உத்யம் உண்டுன்னாலும் பேங்க் முன்னுரிமைக் கடன் மட்டும்தான், பில் பணம் 45 நாள்ல வரணும்னு நான் கீழ சொல்ற பாதுகாப்பு கிடையாது. ரெண்டு மூணு வேல செஞ்சா எல்லா கோடையும் ஒரே ரெஜிஸ்ட்ரேஷன்ல சேத்துக்கலாம், தனித்தனியா போடக்கூடாது.

மைக்ரோவா ஸ்மாலான்னு மெஷின் முதலீட்டையும் டர்ன்ஓவரையும் வச்சு சைட்டே முடிவு பண்ணிக்கும். 2025 ஏப்ரல் 1-லேர்ந்து மெஷின் 2.5 கோடி, டர்ன்ஓவர் 10 கோடி வரைக்கும் மைக்ரோ, 25 கோடி, 100 கோடி வரைக்கும் ஸ்மால். நிலம், கட்டடம் முதலீட்டுல வராது, எக்ஸ்போர்ட் டர்ன்ஓவர்ல சேராது.

இப்ப அந்த 45 நாள் விஷயம், நான் இவ்ளோ சொல்றதே இதுக்காகத்தான். மைக்ரோ, ஸ்மால் யூனிட்டுக்கு, அவங்ககிட்ட சரக்கோ சர்வீஸோ வாங்குற பார்ட்டி எழுத்துல ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள்ள பணம் குடுத்தாகணும், ஒப்பந்தமே இல்லன்னா 15 நாள்தான். தாண்டுனா ரிசர்வ் பேங்க் அறிவிக்கிற பேங்க் ரேட்டப் போல மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டு வட்டி. போதாததுக்கு வருமான வரிச் சட்டப்படி லேட்டா குடுத்தா அந்த வருஷம் அவங்க அத செலவுல காட்ட முடியாது, குடுத்த வருஷம்தான் காட்டலாம், அதனால மார்ச் நெருங்குனா அவங்க ஆடிட்டரே ஞாபகப்படுத்துவாரு.

ஆனா நீங்க ரெஜிஸ்டர்டுன்னு பார்ட்டிக்கு தெரிஞ்சாதானே? ஆர்டர் எடுக்கறதுக்கு முன்னாடியே ரெஜிஸ்டர் பண்ணி, உத்யம் நம்பர ஒவ்வொரு பில்லுலயும் பிரிண்ட் பண்ணுங்க, சர்டிபிகேட் காப்பிய மெயில்ல அனுப்பி வைங்க. அப்படியும் இழுத்தடிச்சா, இதுக்குன்னு மத்திய அரசு வச்சிருக்குற ஆன்லைன் போர்ட்டல்ல பில்லோட கேஸ் போடலாம், இந்த மாதிரி பாக்கித் தகராறுகள விசாரிக்கிற மாநில கவுன்சில் வரைக்கும் அது போகும்.

சர்டிபிகேட்டுக்கு ரின்யூவல் கிடையாது, ரின்யூ பண்ணணும்னு போன் வந்தா கட் பண்ணிடுங்க. அட்ரஸ், பேங்க் மாறுனா அதே சைட்ல அப்டேட் பண்ணுங்க, அதுவும் ஃப்ரீதான். ஓடிபி வராம மாட்டிக்கிட்டீங்கன்னா மாவட்ட தொழில் மையத்துல போய் கேளுங்க, உதவி பண்றது அவங்க வேலதான்.