புளூ லகூன்: உம்கேனி ஆற்று முகத்துவாரத்தில் ஒரு காலை

புளூ லகூனுக்குக் கிளம்பும் முன் அன்றைய கடல் வற்றம் எத்தனை மணிக்கு என்று கைப்பேசியில் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உம்கேனி ஆறு கடலோடு கலக்கும் இடம் இது. நீர் ஏறியிருக்கும்போது வந்தால் அகலமான தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நீர் வடிந்தால்தான் மணல்திட்டுகள் தலைகாட்டும், கொக்கும் நாரையும் வந்து இறங்கும். அதனால் இந்தியாவிலிருந்து வரும் உறவினர்களை விடியற்காலையிலேயே எழுப்பிக் கூட்டிப்போவேன். காரில் முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள், பரவாயில்லை. டிசம்பரில் 5 மணிக்கு முன்பே சூரியன் கடலுக்கு மேல் வந்துவிடும்.

நடக்கத் தெம்பு இருந்தால் உஷாகா கடல் பூங்காவிலிருந்து வடக்கே கடலோர நடைபாதையைப் பிடிக்கலாம், சுமார் 8 கிலோமீட்டர். பாட்டி, தாத்தா கூட வந்தால் காரிலேயே முகத்துவாரம் வரை போய்விடுங்கள். காரில் பையையோ கைப்பேசியையோ விட்டுவிட்டு இறங்காதீர்கள். கார்களுக்குக் காவல் நிற்பவருக்குக் கொடுக்கக் கொஞ்சம் ரேண்ட் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

தென்கரையில் இறங்கியதும் எல்லோரும் கடலைப் பார்த்துத்தான் நிற்பார்கள். நீங்கள் கொஞ்சம் திரும்பி, ஆறு வரும் பக்கம் பாருங்கள். எம்-4 சாலையின் எல்லிஸ் பிரவுன் பாலத்துக்கு அப்பால், சில கிலோமீட்டர் மேலே இருப்பது ஸ்பிரிங்ஃபீல்ட். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களில் பலர், ஒப்பந்தம் முடிந்ததும் இந்த ஆற்றோரம் காய்கறி போட்டுப் பிழைத்தார்கள். வண்டல் மண், நல்ல விளைச்சல். ஆனால் 1917 அக்டோபரில் ஆறு கரை புரண்டு குடிசைகளை வாரிக்கொண்டு போனது. அப்போது கரைவலை போட்டுப் பிழைத்த மாரிமுத்து பதவட்டன் தன் ஆட்களோடு படகை வெள்ளத்தில் இறக்கினார். மொத்தம் ஆறு பேர். மரத்திலும் கூரையிலும் தொற்றிக்கொண்டிருந்தவர்களைத் திரும்பத் திரும்பப் போய் ஏற்றி வந்தார்கள். அவர்கள் காப்பாற்றியது 176 பேர். "பதவட்டன் அறுவர்" என்று இங்கே எங்கள் ஆட்கள் இன்னும் சொல்வார்கள். அந்த இடத்தில் இப்போது பெரிய பெரிய கடைகள். சாமான் வாங்கப் போகிற பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியாது, எனக்கு அதில் வருத்தம்தான்.

1976-லும் வெள்ளம் வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் தகரக் கொட்டகைகள் நெருக்கமாக இருந்ததால் டின் டவுன் என்றே பெயர் வாங்கியிருந்த குடியிருப்பு மூழ்கியது. அங்கிருந்தவர்களைத்தான் டர்பனுக்கு வடக்கே புதிதாகக் கட்டிய ஃபீனிக்ஸ் குடியிருப்பில் முதலில் குடியேற்றினார்கள். ஃபீனிக்ஸில் உங்களுக்குச் சொந்தம் இருந்தால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

சரி, இப்போது வடகரை. பாலத்தைத் தாண்டினால் பீச்வுட் அலையாத்திக் காடு, 76 ஹெக்டேர். நுழைவாயில் திறந்திருக்குமா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தனியாகப் போக வேண்டாம், நாலு பேர் சேர்ந்து போங்கள். பிச்சாவரம் போல் படகெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். இங்கே வேலை கண்ணுக்குத்தான். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும் நண்டுகள் சேற்றில் கையசைத்துக்கொண்டிருக்கும். காலடிச் சத்தம் கேட்டால் வளைக்குள் போய்விடும். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் ஒவ்வொன்றாக வெளியே வரும். பிள்ளைகளை அப்படி நிற்க வைப்பதுதான் கஷ்டம்.

மழை பெய்த பிறகு ஆற்றில் கால் வைக்காதீர்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் நிலையங்கள் சேதமானதிலிருந்து தண்ணீரின் தரம் ஏறியும் இறங்கியும்தான் இருக்கிறது. அஸ்தி கரைக்கவும் பூஜைக்கும் நம்மவர்கள் இங்கே வருவது வழக்கம். நீங்களும் வந்தால் பூவையும் பாலையும் விடுங்கள். பிளாஸ்டிக், துணி, சாமி படம் எல்லாவற்றையும் பையில் போட்டு வீட்டுக்கே எடுத்துப் போங்கள். அடுத்த ஏற்றத்தில் அதெல்லாம் திரும்பிக் கரைக்குத்தான் வரும்.

தூண்டில் போட ஆசை இருந்தால் உரிமம் வேண்டும். கறிக்குப் பேர்போன ஷாட் மீனை அக்டோபர், நவம்பரில் பிடிக்கக்கூடாது.

பிப்ரவரியில் வருகிறீர்களா? பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பும் டூசி படகுப் போட்டி மூன்றாம் நாள் இங்கேதான் முடியும். 1951-ல் நடந்த முதல் போட்டியில் எட்டுப் பேர் கிளம்பினார்கள். கடைசிவரை வந்து சேர்ந்தவர் இயன் பிளேயர் ஒருவர்தான், அதுவும் வழியில் பாம்புக்கடி வாங்கிக்கொண்டு.

அப்புறம் சாப்பாடு. வரும் வழியிலேயே குவாட்டர் பன்னி, அதாவது உள்ளே குடைந்து பீன்ஸ் கறி நிரப்பிய கால் பங்கு ரொட்டி, வாங்கிக்கொள்ளுங்கள். கால் ரொட்டிதானே என்று நினைக்காதீர்கள், ஒருவருக்குத் தாராளம். குரங்குகள் சுற்றும், அதனால் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டே சாப்பிடுங்கள்.